ஓலையை எடுத்துக் கொடுக்காதே

காரைக்குடி,
ஞாயிறு இரவு

அன்புள்ள சொக்கு,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. திட்டுவதானால் திட்டிக்கொள். பிள்ளைகள் சுகம், மேல்வீட்டு வழக்கு அப்படியேதான் இருக்கிறது. ஆத்தாவைப் பற்றிச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

தை கடைசியில் ஒருநாள் ஆத்தா வளவு முற்றத்தில் உட்கார்ந்து பனையோலையில் கொட்டான் கூடை பின்னிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று தலைசுற்றல், வாந்தி. முதலில் போன ஆஸ்பத்திரியில் பித்தம் என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மூன்றாம் நாள் மதுரையில் ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரிந்தது, சிறுமூளையின் வலப்பக்கத்தில் ரத்தக்குழாய் அடைப்பு. அந்த மூன்று நாளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

கை கால் விழவில்லை. ஆனால் வலக்கை ஓலையை எடுக்க நீண்டால் ஓலையைத் தாண்டிப் போகிறது, திருப்பினால் இந்தப் பக்கம் தாண்டுகிறது. மடியில் கிடக்கும்போது நடுக்கமே இல்லை. நெருங்க நெருங்கத்தான் ஆட்டம். "பலம் இருக்குப்பா, அளவுதான் போச்சு" என்கிறார்கள் ஆத்தா. பெருமூளை அடிபட்டால் எதிர்ப்பக்கக் கை கெடும். சிறுமூளையில் அதே பக்கமாம்.

அன்றிலிருந்து ராத்திரியெல்லாம் இதைத்தான் படிக்கிறேன். விலங்கியல் ரெக்கார்டு நோட்டை என்னைப் பார்த்து வரைந்தவன் நீ, அந்தக் கடனுக்காவது பொறுமையாகக் கேள்.

மூளையில் பத்தில் ஒரு பங்குதான் சிறுமூளை. ஆனால் மொத்த நியூரான்களில் பாதிக்கு மேல் அங்கே இருக்கின்றன. அதில் முக்கியமானது பர்கின்ஜி செல், 1837-இல் பர்கின்ஜி என்ற செக் அறிஞர் விவரித்தது. படத்தைப் பார்த்து அசந்துபோனேன். தட்டையாக விரித்த பனையோலையேதான்! அதன் குறுக்கே மெல்லிய நார்கள் ஊடும் பாவும் போல ஓடுகின்றன. கை எங்கே இருக்கிறது, எங்கே போகப்போகிறது என்ற சேதியெல்லாம் 'பாசி இழை' என்ற நரம்பிழைகளில் வந்து, குருணை போன்ற சின்னச் செல்களில் பிரிந்து, இந்த நார்கள் வழியே சேர்கிறது. ஒரே பர்கின்ஜி செல்லில் 1 லட்சத்துக்கும் மேல் தொடுப்புகள். அந்தச் சந்தடியில் அது நொடிக்குப் பல பத்து முறை துடித்துக்கொண்டே இருக்கிறது.

இன்னொரு வழியும் உண்டு. மூளைத்தண்டிலிருந்து வரும் 'ஏறு இழை' என்ற நரம்பிழை, ஒரு பர்கின்ஜிக்கு ஒன்றே ஒன்று. கொடி மாதிரிச் சுற்றிப் பற்றியிருக்கும். நொடிக்கு ஏறக்குறைய ஒரு தடவைதான் பேசும், பேசினால் செல்லே அதிரும். கல்யாண இரைச்சலில் உங்க அப்பத்தா ஒரு தடவை செருமினால் பட்டாலையே அடங்குமே, அப்படி.

கையைப் பழக்குவதே இந்த இழைதான் என்று மார் என்ற ஆய்வாளர் 1969-இலும் ஆல்பஸ் என்பவர் 1971-இலும் எழுதினார்கள். ஏறு இழையும் நார்களும் ஒரே சமயத்தில் திரும்பத் திரும்பத் தூண்டப்பட்டால் அந்த நார்களின் தொடுப்பு தளர்கிறது என்று ஜப்பானில் மசாவோ இட்டோ 1982-இல் சோதனையில் காட்டினார். பர்கின்ஜி வெளியே அனுப்புவது 'அடங்கு' என்ற ஒரே உத்தரவுதான். அந்தப் பிடி எந்த நொடியில் இறுக வேண்டும், எந்த நொடியில் விட வேண்டும் என்பதை, கை தவறத் தவற, ஏறு இழை அதைச் சொல்லச் சொல்லத்தான் அது கற்கிறது. பழக்கத்துக்கு இது மட்டும்தானா காரணம் என்ற வாதம் இன்னும் நடக்கிறது. எனக்கு இவ்வளவே போதும்.

ஏன் தெரியுமா? செத்த செல் திரும்பாது. மிச்சம் இருப்பவைதான் பழக வேண்டும். ஆத்தா கை ஓலையைத் தேடி அலையும்போது எடுத்துக் கொடுக்க என் கை பரபரக்கிறது. கொடுத்துவிட்டால் அவர்கள் கை தவறாது. தவறாவிட்டால் அந்த ஒற்றை இழை எதைச் சொல்லும்? அதனால் சும்மா நிற்கிறேன். "பெத்த ஆத்தா தடுமாறுறதை வேடிக்கை பாக்குறீகளே" என்று வீட்டில் ஏச்சு. நான் செய்வது சரிதானா சொக்கு? சில ராத்திரி தூக்கம் வருவதில்லை.

நேற்று ஒரு கொட்டானுக்கு அடி பின்னி முடித்தார்கள். நாலு தடவை "தப்பாப் போச்சு" என்று பிரித்தார்கள். அப்புறம் யாரையும் தொடவிடாமல் மடியிலேயே வைத்துக்கொண்டார்கள்.

முன்னோருக்குப் படைக்கும் படைப்புக்குக் கட்டாயம் வா. பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிரு. ஓலையை மட்டும் எடுத்துக் கொடுத்துவிடாதே.

உன்,
அண்ணாமலை