ஆறு திட்டங்கள், உள்ளே அதே பங்குகள்

ஐயா,

தங்கள் நாளிதழின் வணிகப் பக்கத்தில் ஓய்வுக்கால முதலீடு குறித்து வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பணத்தை ஒரே இடத்தில் முடக்காமல் பல இடங்களில் பிரித்துப் போட வேண்டும் என்று அது சொல்வது சரியே. ஆனால் பிரித்துப் போட்டுவிட்டதாக நம்பிக்கொண்டிருப்பவர், அது உண்மையிலேயே பிரிந்துதான் இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்பதை அக்கட்டுரை தொடவில்லை. போடிநாயக்கனூரில் ஏலக்காய்க் கடை ஒன்றில் 32 ஆண்டுகள் கணக்கு எழுதி, ஓய்வூதியம் ஏதுமின்றிச் சேமிப்பை மட்டுமே நம்பி வாழ்பவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

பலரிடம் திரட்டிய பணத்தைப் பங்குகளில் போடும் மியூச்சுவல் ஃபண்டுகள் ஆறு என்னிடம் இருந்தன. ஒவ்வொரு ஃபண்டும் தன் கையிருப்புப் பட்டியலை மாதந்தோறும் வெளியிட்டாக வேண்டும் என்பதால், ஆறு பட்டியல்களையும் மகன் அச்சிட்டுக் கொடுத்தான். கூடத்தில் பாய் விரித்து அவற்றை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலும் முதல் பத்துப் பங்குகளைப் பழைய பேரேட்டில் பென்சிலால் குறித்துக்கொண்டே வந்தேன். 60 பெயர்கள் வர வேண்டிய இடத்தில் 22 தான் தேறின. ஒரே தனியார் வங்கி ஆறு பட்டியலிலும் இருந்தது. பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் செபி அமைப்பு 2017இல் வகுத்த விதிப்படி, லார்ஜ் கேப் ஃபண்டு தன் பணத்தில் குறைந்தது 80 சதவீதத்தைச் சந்தை மதிப்பில் முதல் 100 இடங்களில் உள்ள நிறுவனங்களில்தான் போட வேண்டும். என் ஆறில் மூன்று அவ்வகையானவை. ஃபண்டின் பெயர் மாறுகிறதே தவிர, அது வாங்கும் சரக்கு மாறுவதில்லை. 2020 மார்ச்சில் மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் 26,000க்கும் கீழே வந்தபோது ஆறும் சேர்ந்தே இறங்கியதன் காரணம், பட்டியல்களை ஒப்பிட்ட அன்றுதான் எனக்கு விளங்கியது.

வைப்புத்தொகையிலும் இதே தவறைச் செய்திருந்தேன். ஒரே வங்கியின் போடி, தேனி கிளைகளில் தனித்தனியாகப் போட்டதால் இரண்டுக்கும் தனித்தனிக் காப்பீடு உண்டென்று எண்ணியிருந்தேன். ஒருவருக்கு ஒரு வங்கியில், எல்லாக் கிளைகளும் சேர்த்து, அசலும் வட்டியுமாக 5 லட்சம் ரூபாய் வரைதான் காப்பீடு.

இவற்றைவிடப் பெரிய ஓட்டை எந்த அறிக்கையிலும் வராத இடத்தில் இருந்தது. போடிமெட்டுக்கு மேலே மனைவி வழியில் வந்த ஒன்றரை ஏக்கர் ஏலத்தோட்டம். கீழே ஊரில் ஏலக்காய் வியாபாரிக்கு வாடகைக்கு விட்டிருந்த, சரக்கு வைக்கும் கிட்டங்கி. இன்னொரு வியாபாரிக்கு வட்டிக்குக் கொடுத்திருந்த தொகை. இவற்றைத் தோட்டம், வாடகை, வட்டி எனப் பேரேட்டில் மூன்று பக்கங்களில் எழுதி, மூன்று வருமானம் என்றே நம்பியிருந்தேன். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடந்த ஏல விற்பனையில் ஏலக்காய் கிலோ 7,000 ரூபாய் வரை போனபோது மூன்று பக்கமும் நிறைந்திருந்தன. 2022இல் விலை ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. தோட்டத்துக்கு உரமும் கூலியும் கையிலிருந்து கொடுத்தோம், கிட்டங்கி வாடகை ஐந்து மாதம் நின்றது, கடன் வாங்கியவர் வட்டிக்குத் தவணை கேட்டார். அவர்கள் யாரும் ஏமாற்றுக்காரர்கள் அல்லர்; அவர்கள் பிழைப்பும் அதே காயின் விலையில்தான் இருந்தது. கம்பம், கூடலூர், தேவாரம் பகுதிகளில் என் வயதொத்த பலருடைய சேமிப்பு இப்படித்தான் இருக்கிறது என்பதை அறிந்தே சொல்கிறேன்.

பங்கு சார்ந்த ஃபண்டுகளை விற்றுக் கிடைக்கும் நீண்டகால லாபத்தில் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் ரூபாய் வரை வரி இல்லை என்பதால், லார்ஜ் கேப் ஃபண்டுகளில் இரண்டை இரு நிதியாண்டுகளில் பிரித்து விற்றேன். அந்தப் பணத்தையும் திரும்பி வந்த கடன் தொகையையும் அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போட்டேன். அதில் 2023 ஏப்ரல் முதல் 30 லட்சம் ரூபாய் வரை போடலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரும் வட்டிக்குக் காயின் விலையோடும் பங்குச் சந்தையோடும் தொடர்பில்லை. தோட்டத்தை விற்க மனம் வரவில்லை. ஆனால் அதை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிடுவதை நிறுத்திவிட்டோம்.

அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, ஒரு வாசகரின் உடைமை முழுவதையும் எடுத்துக்கொண்டு, எந்தெந்த வருமானம் எதைச் சார்ந்து நிற்கிறது என்று விரிவாகக் காட்டுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீடும் நிலமும் கிட்டங்கியும் கைமாற்றும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கர் ஒருவர்,
போடிநாயக்கனூர்.