கை கழுவ இரண்டு கை வேண்டும்: பினாங்கில் செயற்கைக் கை வடிவமைக்கும் மாணவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பினாங்குத் தீவிலும் செபராங் பிறையிலும் மின்சாரச் செயற்கைக் கை செய்துகொண்டிருக்கும் பொறியியல் மாணவர்களுக்கும், அவர்களை வழிநடத்தும் விரிவுரையாளர்களுக்கும்,

வணக்கம்.

அண்மையில் மாணவர் கண்காட்சி ஒன்றில் உங்கள் மேசைக்கு வந்தேன். முப்பரிமாண அச்சில் செய்த கறுப்புக் கை ஒன்று இருந்தது. உங்களில் ஒரு தங்கை தன் முன்கையில் தசையின் மின்குறியை வாங்கும் இரண்டு உணரிகளை ஒட்டிக்கொண்டு, அந்தக் கையால் ஒரு முட்டையை எடுத்து உடையாமல் கிண்ணத்தில் வைத்தார். எல்லாரும் கைதட்டினார்கள். நான் வலக்கையால் தொடையைத் தட்டினேன். கூட்டம் கலைந்ததும், "இதைத் தண்ணியில முக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "இப்ப முடியாது அங்கிள். வாட்டர்ப்ரூஃப் எல்லாம் அடுத்த வெர்ஷன்லதான்" என்றார்.

அவர் மரியாதையோடுதான் சொன்னார். ஆனாலும் அந்த 'அடுத்த' என்ற சொல் அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எனக்கு இடக்கை, முழங்கைக்குக் கீழே ஒரு சாண் மட்டும்தான் இருக்கிறது. பதினெட்டு வருடம் தொழிற்சாலைகளில் மெஷின் பராமரிப்பு வேலை பார்த்தவன். ஒரு பிரஸ் மெஷின் அந்தக் கையை எடுத்துக்கொண்டது. இப்போது பட்டர்வொர்த்தில் என் மனைவியின் ஒட்டுக்கடையில் தேநீர் ஆற்றுகிறேன், கிளாஸ் கழுவுகிறேன்.

நீங்கள் கையை எதனால் கழுவுகிறீர்கள்? இன்னொரு கையால். இடக்கை போனபின் வலக்கையைச் சுத்தம் செய்ய வழியிருக்காது என்று மருத்துவமனையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சோப்பைத் தொட்டி விளிம்பில் வைத்து, அதன்மேல் உள்ளங்கையைத் தேய்ப்பேன். புறங்கையை ஈரத்துண்டில் புரட்டுவேன். விரலிடுக்குக்கு ஒரு வழியும் கிடையாது. நம் வீடுகளில் காலைக்கடன் முடித்துக் கழுவுவது எந்தக் கை, சோறு பிசைவது எந்தக் கை என்று உங்களுக்குத் தெரியும். எனக்கு இரண்டுக்கும் ஒரே கை. முதல் ஆறு மாதம் சோற்றைக் கரண்டியால்தான் சாப்பிட்டேன். கூச்சத்தை விட்டு இதை எழுதுகிறேன், ஏனென்றால் உங்களிடம் இதை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். மிச்சமிருக்கும் கையைக் கழுவிக்கொடுப்பதுதான் செயற்கைக் கை எனக்குச் செய்ய வேண்டிய முதல் வேலை. முட்டை எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு.

எனக்கும் ஒரு மின்சாரக் கை கிடைத்தது. ஐந்து விரலும் தனித்தனியாக மடங்கும். அதை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த அன்று என் மகள் அந்த விரல்களைப் பிடித்துக்கொண்டே தூங்கினாள். ஐந்தாவது வாரம், கடையில் கூட்டம். கழற்றி வைக்க நேரமில்லாமல் அந்தக் கையாலேயே கிளாஸைப் பிடித்து வாளியில் அலசினேன். உறையின் மணிக்கட்டு ஓரமாகத் தண்ணீர் ஏறிவிட்டது. சுட்டுவிரல் மட்டும் பல்லியின் அறுந்த வால்போலத் துடித்தது. பிறகு எல்லாம் நின்றது, கிளாஸைப் பிடித்தபடியே. உள்ளே இருப்பது வார்ம் கியர். மோட்டார் செத்தாலும் பிடி விடாது. என் மனைவி கிளாஸில் சோப்பு தடவி உருவி எடுத்தாள். விற்றவர்கள் பிரித்துப் பார்த்துவிட்டு, தண்ணீர்ச் சேதம் உத்தரவாதத்தில் வராது என்றார்கள். நாலு மாதம் கழித்துத்தான் கை திரும்பி வந்தது. இனி அது 'கல்யாணக் கை'. விசேஷத்துக்கு மட்டும்.

வேலைக்கு என்னிடம் இருப்பது இரட்டைக் கொக்கி. டோரன்ஸ் என்ற அமெரிக்கர் 1912-இல் காப்புரிமை பெற்ற வடிவம். தோளை அசைத்தால் கம்பி இழுக்கும், கொக்கி திறக்கும். ரப்பர் வளையம் அதை மூடும். வாளியிலும் மழையிலும் போகும், சாம்பார் அண்டாவுக்குள்ளும் போகும். நூறு வருடத்துக்கு முந்திய அந்த இரும்பு உங்கள் கையைவிட என் வாழ்க்கையோடு ஒட்டி நிற்கிறது. ஆனால் அதைப் பார்த்துக் கடையில் குழந்தைகள் ஒதுங்குகிறார்கள். எனக்கு விரல் வேண்டும், தம்பி. நனையக்கூடிய விரல் வேண்டும்.

ஆகாத காரியத்தைக் கேட்கவில்லை. நியூசிலாந்தில் செய்யும் டாஸ்கா கைக்கு ஐபி67 தரம் இருக்கிறது: தூசு புகாது, ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் கிடந்தாலும் கெடாது. ஆனால் அந்த மாதிரிக் கைகளின் விலை ஒரு காடியின், அதாவது காரின், விலை. அதோடு, அந்தச் சோதனை புதுப்பொருளை நல்ல தண்ணீரில் அசையாமல் வைத்துச் செய்வது. என் வாளியில் இருப்பது சோப்பும் பாலாடையும் மஞ்சளும் எண்ணெயும். வெறும் தண்ணீர் நுழையாத இடுக்கிலும் சோப்புத் தண்ணீர் நுழையும், பரப்பு இழுவிசை குறைந்துவிடுவதால். இயற்கை ரப்பர் எண்ணெயில் ஊதிவிடும், நைட்ரைல் என்ற செயற்கை ரப்பர் தாங்கும். இடுக்கை அடைக்கும் ஓ-ரிங் வளையம் வாங்கும் முன்னே இதை யோசியுங்கள். பத்தாயிரம் தடவை மடக்கிய விரலை முக்கிப் பாருங்கள். புது விரலை முக்கிக் காட்டினால் நான் நம்ப மாட்டேன்.

பராமரிப்புக்காரனாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். விரலுக்குள் மோட்டாரை வைத்தால் ஒவ்வொரு கணுவும் ஒரு ஓட்டை, ஒவ்வொன்றையும் அடைக்க வேண்டும். மோட்டார், மின்சுற்றுப் போர்டு, பேட்டரி மூன்றையும் முன்கையில் ஒரே பெட்டிக்குள் மூடிவிட்டு, தூண்டில் நரம்பு மாதிரி இழையால் விரலை இழுங்கள். அப்போது விரலில் கெட்டுப்போக ஒன்றும் இல்லை. விரலைத் தண்ணீரிலிருந்து காக்கவே வேண்டாம்: ஓட்டை போட்டு, உள்ளே போனது வெளியே வழியட்டும். குழாயடியில் காட்டிக் கழுவிக்கொள்கிறேன். இழை தேயும், நீளும், ஒருநாள் அறும். அறட்டும். ஆனால் அதை மாற்ற ஒரே ஒரு கைதான் என்னிடம் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் மேசையில் இருந்த கையின் மூடியைக் கழற்ற ஒரு கை திருகவும் ஒரு கை பிடிக்கவும் வேண்டியிருந்தது. அந்த மூடியை உங்கள் இடக்கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு ஒருமுறை கழற்றிப் பாருங்கள். மின்சாரம் போனாலும் பிடியை விடுவிக்க வெளியே ஒரு பித்தானும் வேண்டும். கிளாஸோடு நின்ற அன்றிலிருந்து இதை யாரிடமாவது சொல்ல வேண்டும் என்றிருந்தேன்.

பெட்டியை இறுக மூடினால் போதும் என்றும் நினைத்துவிடாதீர்கள். நம் ஊர் வெயிலில் சூடான கையோடு பேரங்காடியின் குளிருக்குள் போனால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும். இடுக்கு வழியாக ஈரக் காற்றை இழுக்கும். அது உள்ளேயே துளியாகப் படியும். காற்றை விட்டு நீரைத் தடுக்கும் மெல்லிய சவ்வு ஒன்று வேண்டும். போர்டுக்குப் பூச்சு வேண்டும். 1972-இல் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை தொடங்கியதிலிருந்து இந்தத் தீவில் போர்டுக்குப் பூச்சு பூசத் தெரிந்தவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! பாலத்தைத் தாண்ட வேண்டாம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினால் போதும். அச்சிட்ட பிளாஸ்டிக் அடுக்குகளுக்கு நடுவே கசியும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அச்சுக்குப் பயன்படும் பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 பாகை செல்சியஸில் இளகும். வெயிலில் நிறுத்திய காடிக்குள் விட்டால் என் கை வளைந்து கிடக்கும்.

வெளியிலிருந்து வருவது மட்டும் தண்ணீரல்ல. மதியம் பன்னிரண்டு மணிக்கு அடுப்பருகில் நின்றால், மிச்சக் கையைச் செருகும் குழிக்குள் வியர்வை தேங்குகிறது. தசையின் மின்குறியை வாங்கும் உணரிகளுக்கு இடையே அந்த உப்புநீர் பாலம் போட்டுவிடுகிறது. மூடு என்றால் மூடாது, சொல்லாதபோது திறக்கும். கொதிக்கும் தே தாரேக் தேநீரோடு அது திறந்தபோது எதிரே ஒரு பள்ளிக்கூடப் பையன் நின்றிருந்தான். நல்லவேளை, காலில்தான் தெறித்தது. குளிர்சாதன அறையில் எடுத்த உங்கள் சோதனைக் கணக்கில் இந்தப் பிழை தெரியாது.

ஜெய்ப்பூர்க் கால் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1968-இல் ராம் சந்திர சர்மா என்ற கைவினைஞரும் மருத்துவர் பி. கே. சேத்தியும் செய்தது. செருப்பில்லாமல் சேற்றில் நடப்பார்கள், தரையில் குந்துவார்கள் என்று வாழ்க்கையைப் பார்த்துவிட்டு, வெந்த ரப்பரில் காலைச் செய்தார்கள். கைக்கு அப்படி ஒன்றை நாம் செய்ய முடியாதா? என் பாட்டி கெடாவில் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். 1925-இலேயே ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் கண்ட நாடு இது. உலகத்துக்கே அதிகமாக ரப்பர் கையுறை செய்து அனுப்புவதும் நாம்தான். அப்படியிருக்க, என் மின்சாரக் கையின் உறை கடல் தாண்டி வருகிறது. மஞ்சள் பட்டால் கறை போகாது, கிழிந்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். சில ரிங்கிட்டில், மாதம் ஒன்று மாற்றிக்கொள்கிற, நம் தோல் நிறத்தில் ஓர் உறை. அதை மட்டும் ஒரு குழு இந்த வருடத் திட்டமாக எடுத்துக்கொண்டால்கூட என்னைப் போன்ற பலருக்கு நாளையே உதவும்.

கடையைக் காலை ஆறரைக்குத் திறக்கிறோம். எட்டு மணிக்குப் பசியாற வருகிறவர்கள் போனபின் நாற்பது, ஐம்பது கிளாஸ் சேர்ந்திருக்கும். அந்தக் கறுப்புக் கையை எடுத்து வாருங்கள். கெட்டுப்போகும், தெரியும். முதலில் எங்கே தண்ணீர் புகுகிறது என்று உட்கார்ந்து பார்ப்போம். என் ஸ்க்ரூடிரைவர் பெட்டி இன்னும் இருக்கிறது.

அன்புடன்,
பட்டர்வொர்த் தேநீர்க் கடைக்காரர்