சம்பந்திக்கு அங்கேயும் ஒரு சொல் இருக்கிறது

அன்புள்ள பாப்பாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு நீ போன் பண்ணியபோது, இங்கே குன்னூரில் பனி இறங்கி ஜன்னலெல்லாம் சாத்தியாகிவிட்டது. அங்கே ஸ்பெயினில் பிற்பகல் இரண்டரை. உன் மாமியார் உருளைக்கிழங்கு ஆம்லெட்டைத் தட்டில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர் உள்ளே வந்தாரே, அவரிடம் போனைக் காட்டி, 'மி கொன்சுவெக்ரா' என்றார். வந்தவர் முகம் மலர்ந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டினார். நீ கவனிக்கவில்லை. நான் அந்தச் சொல்லைக் காதில் விழுந்தபடியே பால் கணக்கு நோட்டில் எழுதி வைத்துக்கொண்டேன்.

மறுநாள் தேடிப் பார்த்தேன். ஸ்பானிஷில் 'மி' என்றால் என்னுடைய, 'சுவெக்ரா' என்றால் மாமியார். 'கொன்' என்றால் கூட, சேர்ந்து. ஒரு கல்யாணத்தில் என்னோடு சேர்ந்து மாமியார் ஆனவர். சம்பந்தியம்மா! அப்பா அவர்களுக்குக் கொன்சுவெக்ரோ.

நோட்டை மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். உனக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகிறது. இதுவரை அவரை எப்படிக் கூப்பிடுவது என்று எனக்குத் தெரியவில்லை. பெயரைச் சொல்லியே கூப்பிடு, அங்கே அதுதான் வழக்கம் என்றாய். என்னைவிட மூத்தவரைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இங்கிலீஷில் இதற்குத் தனிச் சொல் இல்லை என்பது தெரியும். அதை வைத்து, வெள்ளைக்காரர்களுக்கே இந்த உறவு கிடையாது, கல்யாணத்தோடு முடிந்துவிடும் என்று நானாக முடிவு கட்டிவிட்டேன். 'மாப்பிள்ளையோட அம்மா' என்றே உன்னிடம் சொல்லி வந்தேன். அவரோ அக்கம்பக்கத்தில் என்னைச் சம்பந்தி என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மற்ற உறவுகளுக்கு அவர்களிடம் நம் அளவுக்குச் சொற்கள் இல்லை. நாத்தனார், கொழுந்தியாள், அண்ணி மூன்று பேருமே குன்யாதா. பெரியப்பா, சித்தப்பா, தாய்மாமன் எல்லாருமே தீயோ. இது மட்டும் எனக்கு ஏறவே இல்லை. சீர் கொண்டுவரும் தாய்மாமனும் சித்தப்பாவும் எப்படி ஒன்றாக முடியும்? ஆனால் சகலைக்குக் கொன்குன்யாதோ, ஓரகத்திக்குக் கொன்குன்யாதா என்று சொல் வைத்திருக்கிறார்கள். அதே 'கொன்'தான். ஒரே வீட்டில் பெண் எடுத்தவர்களும் ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்டவர்களும் ஒருவருக்கொருவர் உறவுதான் என்று அந்த ஒரு அசை சொல்லிவிடுகிறது.

தேடும்போது கொன்சுவெக்ரா என்று ஒரு ஊரும் வந்தது. தொலேதோ மாகாணத்தில், மேட்டின்மேல் வரிசையாகப் பழைய காற்றாலைகள், வயலில் குங்குமப்பூ. ரோமானியர் காலத்துக் 'கொன்சபுரா' திரிந்து வந்த பெயராம். சம்பந்திக்கும் அதற்கும் தொடர்பில்லை. இருந்தாலும் அங்கே வந்தால் அவரோடு அந்த ஊருக்குப் போய்வர வேண்டும்.

வருகிற ஞாயிறு அவரைப் போனுக்குப் பக்கத்தில் உட்கார வை. 'ஓலா, கொன்சுவெக்ரா' என்று நானே சொல்கிறேன், நீ நடுவில் பேசாதே. அவருக்குச் 'சம்பந்தி' என்று சொல்லப் பழக்கிவிடு. அதில் அவர் நாக்குக்கு வராத ஓசை எதுவும் இல்லை.

இன்னொன்று. சம்பந்தி வீட்டுக்கு நான் இதுவரை ஒரு தட்டுகூட வைக்கவில்லை. மார்க்கெட்டில் வர்க்கியும் நல்ல தேயிலையும் வாங்கி வைத்திருக்கிறேன். பார்சலுக்கு அவர்கள் வீட்டு முகவரியை அனுப்பு. உன் முகவரி வேண்டாம்.

அம்மா