மூச்சை வெளியே விட்டபின் நிறுத்துங்கள்

சிங்கப்பூர் மருத்துவமனைகளின் எம்ஆர்ஐ பிரிவுகளில் பணியாற்றும் அனைவருக்கும் வணக்கம்.

என் அம்மாவுக்கு வயது 68. யீஷூனில் மேம்பாலப் படி ஏறினாலே மூச்சிரைக்கும், மாலையில் கணுக்கால் வீங்கிவிடும். நுரையீரல் தமனியில் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் பார்க்கும் சோதனை) காட்டியது. இதயத்துக்குள் மெல்லிய குழாய் செலுத்தி அளந்து உறுதி செய்தார்கள். சராசரி அழுத்தம் 20 மில்லிமீட்டர் பாதரச அளவைத் தாண்டினாலே நோய் என்கிறது 2022இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டி, அம்மாவுக்கு 41. வலது இதயம் இதை எவ்வளவு தாங்குகிறது என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ.

வலது கீழறை பிறைபோல் வளைந்து, இடது அறையை அணைத்தபடி மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கிறது. எக்கோவுக்கு அது முழுதாக அகப்படுவதில்லை. அதன் கொள்ளளவை அளக்க எம்ஆர்ஐதான் உரைகல். ஆனால் அடியிலிருந்து நுனிவரை துண்டு துண்டாகப் படமெடுக்கும்போது, ஒவ்வொரு முறையும் பத்துப் பதினைந்து விநாடி மூச்சை ஒரே நிலையில் நிறுத்த வேண்டும். நிலை மாறினால் உதரவிதானத்தோடு இதயமும் இடம் மாறும். துண்டுகள் பொருந்தாமல் கணக்கே பிசகிவிடும்.

அம்மாவின் காதில் ஒலித்தது ஆங்கிலக் குரல். "மூச்சைப் பிடிக்கச் சொல்வார்கள்" என்று நான் முன்பே சொல்லி அனுப்பியிருந்தேன். தமிழில் மூச்சைப் பிடி என்றால் நெஞ்சு நிறைய இழுத்து அடக்குவதுதானே? அப்படியே செய்திருக்கிறார். அங்கே வேண்டியிருந்ததோ, மூச்சை வெளியே விட்டபின் நிறுத்துவது. பல படங்களைத் திரும்ப எடுத்தார்கள். வெளியே வந்தபோது உதடு காய்ந்து, கன்னத்தில் ஹெட்ஃபோன் தடம் பதிந்திருந்தது. "நான் தப்பாகச் செய்துவிட்டேனா?" என்றுதான் முதலில் கேட்டார். ஸ்கேனுக்குள் உலோகம் கூடாதென்று, நாற்பது ஆண்டாகக் கழற்றாத மூக்குத்தியை உடைமாற்றும் அறையில் சோப்புத் தண்ணீர் போட்டுக் கழற்றியவர் அவர். தாலி என் கைக்குட்டைக்குள் இருந்தது.

எம்ஆர்டி ரயில் நிலையத்தில்கூடத் தமிழ் அறிவிப்பு ஒலிக்கிறது. நாங்கள் கேட்பது நான்கே வரி: "மூச்சை இழுங்கள். வெளியே விடுங்கள். இழுக்காமல் அப்படியே இருங்கள். இப்போது சாதாரணமாக மூச்சு விடலாம்." இதைப் பதிவு செய்து வையுங்கள். படுக்கவைக்கும் முன் ஒரு முறை பழக்கிப் பாருங்கள். மூச்சை நிறுத்தவே இயலாதவர்களுக்கு, மூச்சு விட்டபடியே எடுக்கும் முறைகளும் உண்டு என்பதையும் தமிழில் சொல்லுங்கள். நகை விவரத்தை முன்பதிவின்போதே தெரிவித்துவிட்டால், மூக்குத்தியை வீட்டிலேயே நிதானமாகக் கழற்றிக்கொள்வார்கள்.

அம்மாவுக்கு அடுத்த ஸ்கேன் ஆறு மாதத்தில் வருகிறது. பதிவுக்குக் குரல் தேவைப்பட்டால் அழையுங்கள், வருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு நோயாளியின் மகள்