ஒரு ஜிபி போர்டு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

எம்பெடட் லினக்ஸ் போர்டு, அதாவது கருவிகளுக்குள் வைக்கும் சின்னக் கம்ப்யூட்டர் பலகை, செய்து விற்கும் நிறுவனத்தாருக்கு வணக்கம்.

மதுரை கே.புதூரில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். அரிசி ஆலைகளுக்குக் கேமராப் பெட்டி செய்து கொடுக்கிறோம். தட்டில் ஒரு கை அரிசியைப் பரப்பினால் படம் பிடித்து, முழு அரிசி எவ்வளவு, நொய் எவ்வளவு, கருப்பு எவ்வளவு என்று எண்ணிச் சொல்லும். உள்ளே இருப்பது உங்களில் ஒருவர் விற்ற போர்டுதான்.

முதலில் 512 எம்பி மெமரி உள்ள போர்டுகளைப் போட்டோம். பெரிய கேமராவுக்கு மாறியதும் அது பத்தவில்லை. அதே போர்டின் 1 ஜிபி வகையில் பத்து வாங்கி, முதல் பெட்டியை வாடிப்பட்டிப் பக்கம் ஓர் ஆலையில் மாட்டினோம். மூன்றாம் நாள் முதலாளி போன் செய்தார். "தம்பி, பெட்டி படம் எடுக்குது, எண்ணிக்கை மட்டும் வர மாட்டேங்குது."

போய், போர்டு எழும்போது சொல்லும் செய்திகளைப் படிக்கச் சீரியல் வயரைச் செருகி, 115200 வேகத்தில் திரையைப் பார்த்தேன். யூ-பூட் (லினக்ஸை ஏற்றிவிடும் தொடக்க நிரல்) எழுந்ததும் டிராம், அதாவது மெமரி, என்ற வரியில் 512 எம்பி என்று நின்றது. எண்ணும் புரோகிராமை மெமரி போதாமல் கர்னலே (லினக்ஸின் மைய நிரல்) கொன்றிருந்தது. போர்டைப் பட்டறைக்குக் கொண்டுவந்து, சிப்பின் மேல் இருந்த எண்ணைப் பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். 4 ஜிகாபிட் சிப் இரண்டு; 8 பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 1 ஜிபி இருக்கத்தான் செய்கிறது. பாதியை யாரும் எழுப்பவே இல்லை.

மெமரி தானாக எழுந்து வராது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. பவர் கொடுத்ததும் பிராசஸருக்குள் நிரந்தரமாகப் பதிந்திருக்கும் ரோம் (ROM) கோடு, எஸ்பிஎல் என்ற சின்ன நிரலை உள்ளிருக்கும் எஸ்ராம் என்ற சிறு மெமரியில் ஏற்றுகிறது. அந்த எஸ்பிஎல்தான் டிடிஆர் கன்ட்ரோலருக்கு (மெமரி சிப்பை இயக்கும் பகுதிக்கு) எத்தனை ரோ (வரிசை), எத்தனை காலம் (நெடுவரிசை), என்ன டைமிங் என்று சொல்லிக் கொடுக்கிறது. அப்புறம் யூ-பூட் வந்து, இவ்வளவு மெமரி இருக்கிறது என்று டிவைஸ் ட்ரீ (போர்டில் என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல்) வழியாகக் கர்னலிடம் ஒப்படைக்கிறது. கர்னல் அதை அப்படியே நம்புகிறது. 16 பிட் அகலமுள்ள 2 ஜிகாபிட் டிடிஆர்3 சிப்புக்கு ரோ முகவரி 14 பிட். 4 ஜிகாபிட்டுக்கு 15. பழைய போர்டின் பூட்லோடரை, அதாவது எஸ்பிஎல்லையும் யூ-பூட்டையும், புதிய போர்டில் அப்படியே எரித்திருக்கிறார்கள் (பதித்திருக்கிறார்கள்). விடுபட்டது ஒரே ஒரு பிட்; அதனால்தான் பாதி மெமரி கண்ணில் படவில்லை.

கர்னலுக்குத் தொடக்கத்தில் கொடுக்கும் கட்டளை வரியில் மெமரி 1 ஜிபி என்று நானே எழுதிப் பார்த்தேன். 'ஸ்டார்ட்டிங் கர்னல்' என்பதற்கு மேல் ஓர் எழுத்து வரவில்லை. கன்ட்ரோலர் திறக்காத இடத்தில் கர்னல் கை வைத்தால் வேறென்ன நடக்கும்!

எஸ்பிஎல்லின் சோர்ஸ் (மனிதர் படித்துத் திருத்தக்கூடிய மூல நிரல்) கேட்டு எழுதினேன். பைனரி (திருத்த முடியாத இயந்திர வடிவம்) மட்டும்தான் தருவோம் என்று பதில் வந்தது. இதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. யூ-பூட் வோல்ஃப்காங் டெங்க் தொடங்கி, உலகெங்கும் பலர் சேர்ந்து வளர்த்த நிரல். ஜிபிஎல் என்ற திறந்த மென்பொருள் உரிமத்தின் இரண்டாம் பதிப்பின் கீழ் வருகிறது. பைனரியைப் பிறருக்குக் கொடுப்பவர் சோர்ஸையும் கூடவே தர வேண்டும். இல்லையென்றால் கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுக்கு எழுத்தில் உறுதி கொடுக்க வேண்டும். நான் சலுகை கேட்கவில்லை. பீகிள்போன் பிளாக் என்ற போர்டுக்கு வரைபடம் முதல் பூட்லோடர் சோர்ஸ் வரை எல்லாமே பொதுவில் கிடக்கிறது. அதனால் அந்தப் போர்டின் விற்பனை ஒன்றும் படுத்துவிடவில்லை.

போர்டில் எந்த மெமரி சிப்பை மாற்றினாலும், அந்த ரிவிஷனுக்கு உரிய எஸ்பிஎல் சோர்ஸையும் டிவைஸ் ட்ரீயையும் வெளியிடுங்கள். அளவை நிரலுக்குள் எழுதிப் பூட்ட வேண்டாம். யூ-பூட்டிலேயே எழுதிப் பார்த்து, படித்துப் பார்த்து அளவு கண்டுபிடிக்கும் வழி இருக்கிறது. உங்களிடம் உள்ள பெரிய சிப்புக்குக் கன்ட்ரோலரைத் திறந்துவிட்டு அதைக் கூப்பிட்டால் போதும். கர்னல் கான்ஃபிகரேஷனையும் பாருங்கள். 32 பிட் ஆர்ம் பிராசஸருக்கான கர்னலில் ஹைமெம் (மேல்பகுதி மெமரியைப் பயன்படுத்தும் வசதி) இல்லையென்றால், வழக்கமான அமைப்பில் 1 ஜிபியில் சுமார் 760 எம்பிதான் கைக்கு வரும். பூட்லோடரைச் சரிசெய்த பிறகும் வாங்கியவர் இன்னொரு முறை தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டாம்.

சூட்டையும் மறக்க வேண்டாம். டிடிஆர்3 சிப்பின் மேற்பரப்பு 85 டிகிரியைத் தாண்டினால், மெமரியில் உள்ளது அழியாமலிருக்க 7.8 மைக்ரோ விநாடிக்கு ஒருமுறை செய்யும் ரெஃப்ரெஷை 3.9-க்கு ஒருமுறை செய்ய வேண்டும். கத்திரி வெயிலில், தகரக் கூரை போட்ட ஆலையில், மூடிய பெட்டிக்குள் நாள் முழுக்கக் கிடக்கும் போர்டு இது. ஏசி அறையில் மட்டும் சோதித்த டைமிங்கை நம்பி இங்கே மாட்ட முடியாது.

பத்தில் ஒன்பது போர்டு இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. வாடிப்பட்டி ஆலையில் இப்போதைக்குப் படத்தைப் பாதியாகச் சுருக்கி ஓட்டுகிறோம். அந்த அளவில் நொய்க்கும் ஓரம் உடைந்த அரிசிக்கும் வித்தியாசம் தெரிவதில்லை என்று முதலாளி கையில் அரிசியை வைத்துக் காட்டினார். சோர்ஸ் வந்தால் மறுநாளே ஒன்பதையும் எரித்துச் சோதித்துவிடுவேன். நான் திருத்தியதை உங்களுக்கும் திருப்பி அனுப்பிவைக்கிறேன்.

இப்படிக்கு,
கே.புதூர் பட்டறைக்காரன், மதுரை