ஷிபுனோவின் வெற்றி அதிர்ஷ்டம் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பெரிய பட்டம் ஒன்றை வென்றுவிட்டு அப்புறம் பேசப்படாமல் போன விளையாட்டு வீரர்களைப் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ஜப்பானிய கோல்ஃப் வீராங்கனை ஹினாகோ ஷிபுனோவுக்கு அதில் இரண்டே வரிகள். சிரித்த முகத்தோடு வந்தார், அதிர்ஷ்டம் கைகொடுத்தது, பிறகு ஆளைக் காணோம் என்கிற மாதிரி முடித்துவிட்டார்கள். படித்ததும் மனசு கேட்கவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் பதினொரு வருடங்களாக யோகோஹாமாவில் இருக்கிறேன். எனக்கு கோல்ஃப் ஆடத் தெரியாது. இங்கே ஊருக்கு ஊர் உயரமான பச்சை வலை கட்டி, இரண்டு மூன்று அடுக்குகளில் நின்று பந்தடிக்கும் பயிற்சிக் கூடங்கள் உண்டு. என் கணவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அங்கே போவார். கூடப் போய் உட்கார்ந்து உட்கார்ந்து எனக்கும் ஆட்டத்தைப் பார்க்கிற பழக்கம் வந்துவிட்டது.

2019 ஆகஸ்ட் 4, ஞாயிறு. இங்கிலாந்தின் வோபர்ன் மைதானத்தில் பெண்களுக்கான பிரிட்டிஷ் ஓப்பன் போட்டியின் கடைசி நாள். இங்கே நேரம் நள்ளிரவை நெருங்கிக்கொண்டிருந்தது. பள்ளிக்குக் கோடை விடுமுறை என்பதால் மகளும் விழித்திருந்தாள். கோல்ஃபில் குறைந்த அடிகளில் (ஸ்ட்ரோக்) முடிப்பவருக்கே வெற்றி. இரண்டு ஸ்ட்ரோக் முன்னிலையோடு ஆட வந்தவர் ஷிபுனோ. ஒகயாமாவைச் சேர்ந்தவர், அப்போது இருபது வயது. தொழில்முறை வீராங்கனையாக ஜப்பானுக்கு வெளியே அவர் ஆடிய முதல் போட்டியே அதுதான். ஜப்பானிய ரசிகர்களுக்கு அந்த ஆண்டு மே மாதத்திலிருந்து அவரைத் தெரியும். வெளிநாட்டில் அவர் பெயரைச் சரியாக உச்சரிக்கக்கூட ஆள் இல்லை.

மூன்றாவது ஹோலில் பந்து கிரீனுக்கு, அதாவது குழியைச் சுற்றியுள்ள வழுவழுப்பான புல்தரைக்கு, வந்துவிட்டது. அங்கிருந்து குழிக்குள் போட நான்கு பட் (பந்தை உருட்டும் அடி) ஆனது. டபுள் போகி, அதாவது அந்த ஹோலுக்கு வகுத்த அடிக் கணக்கான பாரைவிட இரண்டு அதிகம். உள்ளூர் போட்டியில் யாராவது இப்படி ஆடினாலே பார்க்க வேதனையாக இருக்கும். மேஜர் எனப்படும் உலகின் மிகப் பெரிய போட்டிகளில் ஒன்றின் கடைசி நாளில், முன்னிலையில் இருக்கும்போது, வெளிநாட்டில் முதல்முறை ஆடுகிற பெண்ணுக்கு இது நடந்தால் எப்படி இருக்கும்? "அவ்வளவுதானாம்மா?" என்று மகள் கேட்டாள். நானும் அவ்வளவுதான் என்றுதான் நினைத்தேன். முதல் ஒன்பது ஹோல் முடிந்தபோது அன்றைய பார் கணக்கில் அவருக்கு ஒரு ஸ்ட்ரோக் நஷ்டம்.

அதற்கப்புறம் நடந்ததைத்தான் உங்கள் கட்டுரை அதிர்ஷ்டம் என்கிறது. பத்தாவது ஹோலில் பேர்டி எடுத்தார், அதாவது பாரைவிட ஒரு ஸ்ட்ரோக் குறைவு. பன்னிரண்டாவது, நான்கு ஸ்ட்ரோக்கில் முடிக்க வேண்டிய குட்டையான ஹோல், ஆனால் கிரீனுக்கு முன்னால் தண்ணீர். பத்திரமாக ஆடுகிறவர் முதல் பந்தைத் தண்ணீருக்கு முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த அடியில் கிரீனுக்குப் போவார். ஷிபுனோ வெகுதூரம் அடிப்பதற்கான டிரைவர் என்ற கிளப்பை (மட்டையை) கையில் எடுத்தார். கொஞ்சம் குறைந்திருந்தால் பந்து தண்ணீரில் விழுந்திருக்கும், பட்டமும் அதோடு போயிருக்கும். தண்ணீரைத் தாண்டி பந்து கிரீனில் போய் நின்றது. பேர்டி. பதின்மூன்றிலும் பதினைந்திலும் இன்னும் இரண்டு.

அந்த டிரைவ்தான் என்னைப் பொறுத்தவரை அன்றைய ஆட்டம். மறுநாள் எல்லாப் பத்திரிகையிலும் சிரிப்புதான் வந்தது. 'சிரிக்கும் சிண்ட்ரெல்லா' என்று பெயர் வைத்தார்கள். ஆட்டத்துக்கு நடுவில் அவர் மென்ற தின்பண்டத்தைப் பற்றிக்கூட எழுதினார்கள். அவர் சிரித்தது உண்மை, ரசிகர்களின் கையைத் தட்டிக்கொண்டே அடுத்த ஹோலுக்குப் போனதும் உண்மை. ஆனால் சிண்ட்ரெல்லாவுக்கு எல்லாமே வேறு யாரோ கொடுத்தது. அந்தக் கிளப்பைத் தேர்ந்தெடுத்தது இந்தப் பெண்.

அமெரிக்காவின் லிசெட் சலாஸ் அன்று 65 ஸ்ட்ரோக்கில், ஷிபுனோவுக்கு முன்னாலேயே ஆடி முடித்துவிட்டார். கடைசி ஹோலில் ஐந்தடி தூரத்து பட் ஒன்றை சலாஸ் தவறவிட்டதால், மொத்தம் பார் கணக்கில் 17 குறைவில் நின்றார். அதிர்ஷ்டம் என்பவர்கள் இதைத்தான் சொல்வார்கள். சரி, சலாஸ் தவறவிட்டார். அதனால் ஷிபுனோ ஜெயித்துவிடவில்லையே. ஷிபுனோவும் 17 குறைவில்தான் இருந்தார். பதினெட்டாவது ஹோலில் கிட்டத்தட்ட இருபது அடி தூரத்தில் ஒரு பட் மீதி. மெதுவாக உருட்டி பக்கத்தில் நிறுத்தி, சமன் செய்து, சமன் ஆனவர்கள் மறுபடி மோதும் பிளே-ஆஃபில் பார்த்துக்கொள்ளலாம் என்று யார் விளையாடியிருந்தாலும் குறை சொல்ல முடியாது. அவர் பலமாகவே அடித்தார். தவறியிருந்தால் பந்து குழியைத் தாண்டி வெகுதூரம் போயிருக்கும். அது உள்ளே விழுந்தது. கடைசி ஒன்பது ஹோலில் 31, அன்று 68, மொத்தம் 18 குறைவு. மகள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு விளக்கு எரிந்தது.

ஜப்பானில் அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்பதையும் கட்டுரை சொல்லியிருக்கலாம். 1977இல் ஹிசாகோ ஹிகுச்சி எல்பிஜிஏ (அமெரிக்கப் பெண்கள் கோல்ஃப் சங்கம்) சாம்பியன்ஷிப் என்ற மேஜரை வென்ற பிறகு 42 ஆண்டுகள் ஆணோ பெண்ணோ எந்த ஜப்பானியரும் மேஜர் வெல்லவில்லை. அயாகோ ஒகமோட்டோ 1987இல் அமெரிக்கத் தொடரின் பரிசுப்பணப் பட்டியலில் முதலிடம் பிடித்தவர். அதே ஆண்டு அமெரிக்க ஓப்பனில் பிளே-ஆஃப் வரை போய்த் தோற்றார். ஐ மியாசாட்டோ உலகின் முதல்நிலை வீராங்கனையாக இருந்தார், அவருக்கும் மேஜர் கிடைக்கவில்லை. அத்தனை பேர் தட்டித் தட்டிப் பார்த்த கதவு அது.

ஷிபுனோவும் திடீரென்று முளைத்தவர் அல்ல. அப்பா வட்டு எறிந்தவர், அம்மா ஈட்டி எறிந்தவர், இவர் சிறு வயதில் கோல்ஃபோடு சாப்ட்பாலும் ஆடினார். ஜப்பானில் தொழில்முறை வீராங்கனை ஆக ஒரு தேர்வு உண்டு, ஆண்டுக்கு இருபது பேரளவில்தான் தேறுவார்கள். 2017இல் அவர் அதில் தோற்றார், அடுத்த ஆண்டு தேறினார். வோபர்னுக்கு வரும் முன்பே அந்த ஆண்டில் ஜப்பானில் இரண்டு போட்டிகளை வென்றிருந்தார். அதில் ஒன்று, மே மாதம் நடந்தது, உலக மேஜர் அல்ல, ஆனால் ஜப்பானியத் தொடருக்குள் மேஜராகக் கருதப்படுவது.

இனி, காணாமல் போனார் என்ற வரி. 2020இல் பட்டத்தைத் தக்கவைக்க ஸ்காட்லாந்தின் ராயல் ட்ரூன் மைதானத்துக்குப் போனவர், முதல் இரண்டு சுற்றோடு தகுதி இழந்து வெளியேறினார், உண்மைதான். அதே ஆண்டு டிசம்பரில் ஹூஸ்டனில் நடந்த அமெரிக்க ஓப்பனில் மூன்று சுற்றுகள் முடிந்தபோது முன்னிலையில் இருந்ததும் அவர்தான். கடைசி நாள் சரிவர அமையவில்லை, நான்காவது இடம். அப்புறம் தன் ஸ்விங்கையே, அதாவது கிளப்பை வீசும் முறையையே, மாற்றினார். மேஜர் ஜெயித்துக் கொடுத்த ஸ்விங்கை எதற்கு மாற்றுகிறார் என்று இங்கே பலர் அலுத்துக்கொண்டார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். 2021 அக்டோபரில் ஜப்பானில் இரண்டு போட்டிகளை வென்றார்.

2022இல் ஸ்காட்லாந்தின் மியூர்ஃபீல்ட் மைதானத்தில் மறுபடியும் அதே பிரிட்டிஷ் ஓப்பன். முதல் நாள் 65 அடித்து முன்னிலை. கடைசியில் ஒரே ஒரு ஸ்ட்ரோக்கில் பிளே-ஆஃப் வாய்ப்பை இழந்து மூன்றாவது இடம். அந்தப் பட்டத்தை வென்றவர் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி புஹாய். வோபர்னில் மூன்றாம் நாள் முடிவில் ஷிபுனோவுக்கு இரண்டு ஸ்ட்ரோக் பின்னால், இரண்டாவது இடத்தில் இருந்தவரும் இதே புஹாய்தான். முதல் மேஜர் கிடைத்தபோது புஹாய்க்கு 33 வயது. அவர் காத்திருந்ததை விடாமுயற்சி என்று எல்லோரும் பாராட்டினோம், நானும் மகிழ்ந்தேன். ஆனால் அதே மாதிரி வருடங்கள் இருபது வயதில் ஜெயித்த பெண்ணுக்கு வந்தால் அதை வீழ்ச்சி என்கிறோம். இது என்ன கணக்கு என்று எனக்குப் புரியவில்லை.

2024இல் பென்சில்வேனியாவின் லங்காஸ்டரில் நடந்த அமெரிக்க ஓப்பனில் யூகா சாசோவுக்கு அடுத்து இரண்டாவதாக வந்தார். அப்போது ஷிபுனோவுக்கு 25 வயது. அதே ஆண்டு ஜப்பானின் அயாகா ஃபுரூயே பிரான்ஸில் நடக்கும் எவியான் மேஜரை வென்றார், 2025இல் அதே நாட்டின் மாவோ சைகோவும் மியூ யமஷிதாவும் ஆளுக்கொரு மேஜர் வென்றார்கள். இவர்கள் எல்லோரும் ஷிபுனோவைப் பார்த்துத்தான் வென்றார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அவரவர் உழைப்பு அவரவருடையது. வோபர்ன் இரவுக்குப் பிறகு எங்கள் பயிற்சிக் கூடத்தில் பள்ளிச் சிறுமிகள் கூடுதலாக வரத் தொடங்கியதை மட்டும் என் கண்ணால் பார்த்தேன்.

கட்டுரையாளர் மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன். ஷிபுனோவைப் பற்றி மறுபடி எழுத வாய்ப்பு வந்தால், கோப்பையோடு சிரிக்கிற அந்தப் பழைய படத்துக்குப் பதிலாக, பன்னிரண்டாவது ஹோலில் டிரைவரோடு தண்ணீரைப் பார்த்து நிற்கிற படம் கிடைத்தால் அதைப் போடுங்கள்.

அன்புடன்,
ஒரு வாசகி,
யோகோஹாமா