இருபது சாக்குச் சருகு

அன்புள்ள மாப்ளே,

இரண்டு மாதமாகப் பதில் போடாததற்குத் திட்டிக்கொள், கேட்டுக்கொள்கிறேன். பாப்பாவுக்கு வைகாசியில் முகூர்த்தம் என்று படித்ததும் இங்கே எல்லோருக்கும் சந்தோஷம். நாங்கள் சுகம். முழங்கால் மட்டும் பழைய பாட்டையே பாடுகிறது. நலம் விசாரிப்பு இத்தோடு போதும்.

கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய்: "குப்பைக்குக் கவலையில்லை, காலனி உரத்தொட்டி இருக்கிறது, எல்லாவற்றையும் அதில் தள்ளிவிடலாம்." நான் பேனாவை எடுத்ததே அந்த வரிக்காகத்தான். தள்ளாதேடா.

அந்தத் தொட்டி நாற்பது வீட்டுக்கானது. வீட்டுக்கு அரை கிலோவுக்குச் சற்று மேல் என்றால் நாளுக்கு 25 கிலோ. உன் வீட்டுக் கல்யாணத்துக்கு 600 பேர், இரவும் மறுநாள் காலையும் சேர்த்து 1,200 இலை. எச்சிலோடு ஓர் இலை 150 கிராம் என்று வைத்தால் 180 கிலோ. சமையல்கட்டுப் பக்கம் பூசணித் தோல், வாழைப்பூ மடல், கோஸ் தண்டு என்று இன்னொரு 70 வரும். ஆக 250 கிலோ, பத்து நாள் தீனி ஒரே நாளில். ஹாஸ்டல் மெஸ்ஸில் நம் கணக்குப்புள்ள வயிறு கொள்ளாமல் பாயசம் குடித்த கதைதான். மறந்திருக்க மாட்டாய்.

இதற்குத் தனிக் குவியல் வேண்டும், தனிச் சருகும் வேண்டும். இப்போது பங்குனி. வேம்பும் புங்கும் கொட்டுகிற நேரம். உங்கள் காலனிச் செயலாளர் அதைப் பெருக்கிக் கொளுத்துவதற்கு முன் நீ முந்திக்கொள். 50 கிலோ அரிசிச் சாக்கில் மிதித்து மிதித்து அடைத்தால் ஒரு சாக்குக்கு ஆறு கிலோ பிடிக்கும். இருபது சாக்கு சேர்த்து மழை படாத இடத்தில் வை. 250 கிலோ ஈரக்குப்பைக்கு 120 கிலோ சருகு என்றால் கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் (நைட்ரஜன்) ஏறக்குறைய 30க்கு 1 என்று நிற்கும், ஈரமும் ஐம்பது சதவீதத்தைத் தாண்டி அறுபதுக்குள் அடங்கும், மக்குவதற்கு அதுதான் தோது. சருகு குறைந்தால் தழைச்சத்து அம்மோனியாவாகப் பறக்கும். காலனி முழுக்க மூத்திர வாடை அடிக்கும், சம்பந்தி வீட்டார் இருக்கும்போதே.

சருகைவிட முக்கியமானது பந்தி. குப்பையைப் பிரிக்க வேண்டிய இடம் அதுதான், தொட்டி இல்லை. இலையை மடித்ததும் உள்ளே என்னென்ன போகிறது என்று அடுத்த கல்யாணத்தில் குனிந்து பார். பாட்டில் மூடி, ஐஸ்கிரீம் கப், மரக்கரண்டி, பீடா குச்சி, ஊறுகாய் பாக்கெட், பாதி குடித்த தண்ணீர் பாட்டில். எல்லாம் ஒரே சுருளில். அப்புறம் அதைப் பிரித்தெடுப்பது யார்? நாம் சாப்பிட்ட எச்சிலுக்குள் ஒரு தூய்மைப் பணியாளர் கையை விட்டுக் கிளற வேண்டும். அதில் உடைந்த கண்ணாடி இருக்கலாம், குழந்தையின் டயாப்பர்கூட இருக்கலாம். இதை மட்டும் என்னால் கிண்டலாக எழுத முடியவில்லை.

வழி சுலபம். பந்தி எழுந்ததும், இலையைத் தொடும் முன், ஒருவர் கூடையோடு வரிசையில் நடந்து பாட்டில், கப், காகிதம் எல்லாவற்றையும் பொறுக்கிவிட வேண்டும். இலை எடுப்பவர் அவருக்குப் பின்னால் வரவேண்டும். கொல்லைப்புறம் ஒரு டிரம், அதன் மேல் ஓட்டை போட்ட காய்கறி கிரேட். எச்சிலை அதில் கொட்டினால் சாம்பார், ரசம், மோர் எல்லாம் கீழே வடிந்துவிடும், உப்பிலும் எண்ணெயிலும் ஒரு பங்கு அதோடு போய்விடும். இலை தனியே ஒரு குவியல். இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குக் கையுறையும் கம்பூட்டும் கொடு, சாப்பாட்டை முதல் பந்தியிலேயே போடு. கடைசிப் பந்தியில் வடை தீர்ந்திருக்கும்.

தண்ணீருக்கு டம்ளரும் ஜக்கும் வை. பாட்டில் இல்லை என்றால் பாதிக் குப்பை இல்லை. மேசையில் பிளாஸ்டிக் தாள் விரிப்பது, பிளாஸ்டிக் பூச்சுள்ள கப், தெர்மாகோல் தட்டு எல்லாம் 2019 ஜனவரி 1 முதலே தமிழ்நாட்டில் தடை. "இது பேப்பர் கப்தான் சார்" என்பார் சமையல் கான்ட்ராக்டர். ஒன்றை வெந்நீரில் ஊறவைத்துத் தேய்த்துக் காட்டு, மெல்லிய படலம் உரிந்து வரும். மேடை அலங்காரத்திலும் ஒரு கண் வை. பூ செருகுகிற அந்தப் பச்சை ஃபோம் பார்க்கப் பாசிபோல இருந்தாலும் பிளாஸ்டிக்தான். மாலையில் ஜரிகையும் நைலான் நூலும் வேண்டாம், வாழைநாரில் கட்டச் சொல். மிச்சமாகும் நல்ல சோறு உரத்துக்கு அல்ல. சூடு ஆறும் முன் யாருக்குப் போகவேண்டும் என்று முதல் நாளே பேசி வை.

இனி குவியல். நான்கடி உயர வெல்ட்மெஷ்ஷை, அதாவது கம்பி வலையை, நான்கடி விட்டத்துக்கு வளைத்துக் கட்டு. அடியில் அரையடி தென்னைமட்டைத் துண்டும் குச்சியும். அதன் மேல் நாலு விரல் சருகு, மூன்று விரல் எச்சில், மறுபடி சருகு. பழைய தொட்டி உரம் இரண்டு கூடை எடுத்து நடுநடுவே தூவு. புளித்த மோரோ சாணக் கரைசலோ லேசாகத் தெளித்தால் போதும், ஊற்றாதே. சோற்றை மட்டும் அடுக்காதே. அது களிபோல் இறுகிக் காற்றை அடைத்துவிடும், மூன்றாம் நாள் அழுகிய முட்டை நாறும். சருகோடு புரட்டிப் பிசறித்தான் போடவேண்டும். வலையோரம் ஒரு சாண் முழுக்கச் சருகு, தலையில் அரையடிச் சருகு. நாயும் எலியும் ஈயும் வராமல் தடுப்பது அதுதான்.

வாழையிலை மக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். முழுசாக அடுக்கினால் மக்காது என்பதுதான் தெரியாது. (நீ மக்கு என்பது வேறு விஷயம்.) ஒன்றன்மேல் ஒன்று ஒட்டி, நீரும் காற்றும் புகாமல், நாற்பது நாள் கழித்துப் பிரித்தால் பச்சை மாறாமல் புளித்துக் கிடக்கும். ஒரு நாள் வாடவிட்டு, நடுநரம்பைக் கிழித்து, அரிவாளால் கையகலத் துண்டாக வெட்டிப் போடு. பாக்குமட்டைத் தட்டையும் உடைத்துப் போடு, அதற்கு மாதக்கணக்காகும்.

மூன்றாம் நாள் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் செருகி ஐந்து நிமிடம் கழித்து உருவிப் பார். கையில் பிடிக்க முடியாத சூடு இருந்தால் சரி. இல்லையென்றால் ஒன்று ஈரம் போதாது, அல்லது நீர் கோத்திருக்கிறது. ஒரு பிடி எடுத்துப் பிழி. ஒன்றிரண்டு சொட்டு வரலாம், ஒழுகக்கூடாது. ஐந்தாம் நாள் புரட்டு, பிறகு வாரம் ஒருமுறை. கொழுத்த பழுப்புப் புழு நெளிந்தால் உன் அத்தை கத்துவார், கத்தட்டும். அது கருஞ்சிப்பாய் ஈயின் புழு, தின்று தீர்த்துவிட்டுத் தானே போய்விடும்.

இரண்டு மாதத்தில் சலிக்கலாம். கல்யாணச் சாப்பாட்டு உரத்தில் உப்பு நிற்கும், அப்படியே ரோஜாவுக்குப் போடாதே. ஒரு கிண்ணத்தில் பத்து வெந்தயம் விதைத்துப் பார். எட்டு விதையாவது முளைத்தால் ஒரு பங்கு உரத்துக்கு மூன்று பங்கு மண் கலந்து பயன்படுத்து. முளைக்காவிட்டால் ஒரு மழை நனையவிடு.

இன்னொன்று. மண்டபம் இல்லை, காலனி மைதானம் என்கிறாய். அனுமதி பெற்ற இடமாக இல்லாவிட்டால், நூறு பேருக்கு மேல் கூடும் நிகழ்ச்சிக்கு மூன்று வேலை நாள் முன்னதாக உள்ளாட்சிக்குச் சொல்லவேண்டும் என்று 2016 திடக்கழிவு விதிகளிலேயே சொல்லியிருந்தார்கள். எழுதிக் கொடுத்துவிடு.

நான் இரண்டு நாள் முன்னாலேயே மண்வாரியோடு வந்துவிடுவேன். நீ மெஷ்ஷை மட்டும் வாங்கி வை. 13 அடி கேள். நாலடி வட்டத்துக்கு 12 போதும் என்பான் கடைக்காரன், கேட்காதே. வளைக்கவே பன்னிரண்டரை போய்விடும், முனையைக் கட்ட அரையடி வேண்டும்.

உன்,
மூணாம் நம்பர் ரூம்